வளரும் பிள்ளை கையில் சிகரெட்: தாய் என்ன செய்யலாம்?



இந்த மாதப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசியுங்கள். மற்றவர்கள் கேட்டுவிட்டு மனதில் பட்டதைச் சொல்லுங்கள். சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் முடித்துவிட்டு, அவசரமில்லாமல் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

வீட்டுக்காரர் குடிக்கிறார் என்றால் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறோம். பத்தாவது படிக்கிற மகன் சிகரெட் பிடிக்கிறான் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. "வளர்ப்புச் சரியில்லை" என்று ஊர் பேசிவிடுமோ என்ற பயம். துவைக்கப் போட்ட யூனிபார்ம் பையில் புகையிலைத் தூள் கிடக்கும். திடீரென்று பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் மின்ட் மிட்டாய் மென்றுகொண்டு வருவான். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறோம். "நம்ம பிள்ள அப்படி இல்ல" என்று மனசைத் தேற்றிக்கொள்கிறோம்.

2019-ல் மத்திய அரசு நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களில் ஒரு கணக்கெடுப்பு எடுத்தது. 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் 8.5 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் புகையிலை உபயோகிக்கிறார்கள் என்று தெரிந்தது. அறுபது பிள்ளைகள் இருக்கிற வகுப்பு என்றால் ஐந்து பேர். அந்த ஐந்தில் நம் பிள்ளை இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்?

அடித்தால் நிற்குமா?

தெரிந்தவுடன் நம் வீடுகளில் நடப்பது என்ன? விளக்குமாற்றை எடுப்பது, வாயில் சூடு போடுவேன் என்று மிரட்டுவது, "என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு" என்று கேட்பது, அப்பத்தா, சித்தப்பா, மாமா என்று எல்லோரையும் கூட்டி வைத்து நடுவீட்டில் நிறுத்திக் கேள்வி கேட்பது. இதில் ஒன்றுமே வேலைக்காகாது. அடி வாங்கிய பிள்ளை சிகரெட்டை விடுவதில்லை, இடத்தைத்தான் மாற்றுகிறான். முன்பு தெருமுனையில் நின்றவன் இனி கண்மாய்க் கரைக்குப் போவான். சத்தியம் வாங்கினால் இன்னும் மோசம். முதல் தடவை மீறிவிட்டான் என்றால், "இனி என்ன, அதான் மீறியாச்சே" என்று விட்டுவிடுவான். அதற்கப்புறம் அம்மா முகத்தைப் பார்த்து உண்மை சொல்லவும் மாட்டான்.

அதற்காகக் கண்டும் காணாமல் விடச் சொல்லவில்லை. "வயசுக் கோளாறு, தானா போயிரும்" என்பதும் தப்புக் கணக்கு. தானாகப் போகாது. அது ஏன் என்று பார்ப்போம்.

ஒன்று ரெண்டுதானே என்றால்

சிகரெட்டில் இருக்கிற நிகோடின் என்ற சரக்கு, புகையை இழுத்து சுமார் பத்து வினாடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. ஒரு நிமிஷம் சுகமாக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுகிறது. இறங்கியதும் எரிச்சல், படிப்பில் மனம் ஓடாமை, காரணமில்லாத கோபம். மறுபடி ஒன்று இழுத்தால் அடங்குகிறது. "டென்ஷனுக்குத்தான் பிடிக்கிறேன்" என்று சொல்கிறவர்களுக்கு அந்த டென்ஷனில் பாதி சிகரெட் கொடுத்ததுதான்.

மனித மூளை இருபத்தைந்து வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த வளரும் மூளையில் நிகோடின் வேகமாக வேர் பிடிக்கிறது. பெரியவருக்குப் பழக்கமாக ஆகும் காலத்தைவிடச் சின்னப் பிள்ளைக்குச் சீக்கிரமே ஆகிவிடும். தினமும் பிடிக்காமல் வாரத்துக்கு ரெண்டு மூன்று பிடிக்கிற பிள்ளைக்கே ஏக்கம் தொடங்கிவிடலாம். அமெரிக்காவில் கணக்குப் பார்த்தபோது, தினமும் புகைக்கிற பெரியவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் முதல் சிகரெட்டைப் பிடித்தது 18 வயதுக்குள். அந்த வயதைத் தாண்டிவிட்ட பிள்ளை பெரும்பாலும் தப்பித்துவிடுகிறான். ஆகவே நமக்கு இருக்கும் நேரம் ஏழாவது, எட்டாவதிலிருந்து பிளஸ் டூ வரைதான்.

இது நமக்குத் தெரியவில்லையே தவிர, சிகரெட் கம்பெனிகளுக்கு எப்போதோ தெரியும். 1984-ல் அமெரிக்காவின் ஒரு பெரிய கம்பெனி தன் உள் அறிக்கையில், பழைய வாடிக்கையாளர்கள் விட்டுப்போகிற, செத்துப்போகிற இடத்தை நிரப்ப இளவயதுக்காரர்களைத் தவிர வேறு ஆள் கிடையாது என்று எழுதி வைத்திருந்தது. பிற்பாடு வழக்குகள் நடந்தபோது இந்தக் காகிதங்கள் வெளியே வந்தன. செத்தவனுக்குப் பதில் ஆள் தேடுகிற வியாபாரம்! வேறெந்தத் தொழிலிலாவது இப்படிக் கேள்விப்பட்டிருக்கிறோமா?

சினிமாவும் இதில் சேர்த்தி. 2002-ல் "பாபா" படத்தில் ரஜினிகாந்த் புகைக்கும் காட்சிகளுக்குத் தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது பலருக்கு ஞாபகம் இருக்கும். 2018-ல் "சர்கார்" படத்துக்காக விஜய் சிகரெட்டோடு இருக்கும் போஸ்டர் வந்தது. சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது, கம்பெனி இணையத்திலிருந்து போஸ்டரை எடுத்துவிட்டது. "சினிமாவப் பார்த்தா கெட்டுப் போறாய்ங்க?" என்று சிலர் கேலி பேசுவார்கள். ஆனால் திரையில் புகைப்பதை அதிகம் பார்க்கும் பிள்ளைகள் அதிகம் புகைக்கத் தொடங்குகிறார்கள் என்று 2012-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கையே தீர்மானமாகச் சொன்னது. படம் பார்க்காதே என்று சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். "இவரு ஒரு சீனுக்குப் பிடிக்க எவ்வளவு வாங்குறாரு? நீ பிடிக்கிறதுக்கு யாரு காசு?" என்று சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை போட்டு வைக்கலாம்.

நெஞ்சு நோய் என்றால் புற்றுநோய் மட்டுமல்ல

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நமக்கெல்லாம் தெரியும். அதை 1954-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில் பிறந்த ஆஸ்பத்திரி அது. 2002-லேயே அங்கே புகையிலையை விட நினைப்பவர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கப்பட்டது.

ஆனால் நம் ஆட்கள் அதிகம் பேசாத இன்னொரு நோய் இருக்கிறது: காசநோய். டாக்டர் கஜலட்சுமியும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் செத்துப்போன 43,000 ஆண்களின் வீடுகளுக்குப் போய் விசாரித்தார்கள். உயிரோடு இருக்கும் 35,000 ஆண்களின் விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2003-ல் வெளிவந்த அந்த ஆய்வு சொன்னது: புகைக்காத ஆணைவிடப் புகைக்கும் ஆண் காசநோயால் சாகும் ஆபத்து சுமார் நான்கு மடங்கு. ஆண்களின் காசநோய்ச் சாவில் பாதிக்குக் காரணம் புகைதான். நமது தமிழ்நாட்டிலேயே எடுத்த கணக்கு இது. வெளிநாட்டுக் கதை என்று தள்ள முடியாது. பீடிக்கும் இது பொருந்தும். "பில்டர் சிகரெட்தானே" என்பவர்களுக்கும் சேர்த்துத்தான், பில்டர் போட்டதால் ஆபத்து நீங்கிவிடாது.

இதெல்லாம் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. பிள்ளையிடம் புற்றுநோய், காசநோய் என்று ஆரம்பித்தால் காதில் ஏறாது. பதினைந்து வயதுக்காரனுக்கு ஐம்பது வயது என்பது சீமை தூரம். அவனுக்கு இன்றைக்கு வலிக்கிற காரணத்தைச் சொல்ல வேண்டும்.

நம் சிவகங்கைச் சீமையில் போலீஸ் வேலைக்கு ஆசைப்படாத பையன் உண்டா? தமிழ்நாடு போலீஸ் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடி முடிக்க வேண்டும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஓடும்போது மூச்சு வாங்குவது அதனால்தான். சிராவயல் மஞ்சுவிரட்டில் மாட்டுக்குப் பின்னால் ஓட ஆசைப்படுகிறவனுக்கும் இதே கணக்குத்தான். நல்ல செய்தியும் உண்டு. புகைப்பதை நிறுத்தினால் ஒரே நாளில் அந்த விஷக்காற்று ரத்தத்திலிருந்து ஏறக்குறைய இறங்கிவிடுகிறது. சில வாரங்களில் மூச்சு சீராகிறது. இதைச் சொன்னால் பையன் கேட்பான்.

காசுக் கணக்கும் சொல்லலாம். ஒரு சிகரெட் 10 ரூபாய் என்றே வைப்போம், பல இனங்கள் அதைவிட விலை. நாளைக்கு மூன்று என்றால் 30 ரூபாய், மாதம் 900, வருஷத்துக்கு 10,950. குழுவில் மாதம் 100 ரூபாய் சேமிப்புக் கட்ட நாம் என்ன பாடுபடுகிறோம்! கணக்கு நோட்டை எடுத்து அவனையே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் போட்டுக் காட்டுவதைவிட அவன் போடுவது மேல்.

எப்படிப் பேச்செடுப்பது?

நல்ல நேரம் பார்க்க வேண்டும். அவன் சாப்பிட்டு முடித்து, வீட்டில் வேறு ஆள் இல்லாத நேரம். நேருக்கு நேர் உட்கார வைத்து விசாரிக்க வேண்டாம். கீரை ஆய்ந்துகொண்டோ, துணி மடித்துக்கொண்டோ பேசலாம். கண்ணைப் பார்க்காத பேச்சில் பிள்ளைகள் அதிகம் திறப்பார்கள். ஒரு மாதிரிக்கு:

"தம்பி, ஒன்னு கேக்கணும். அடிக்க மாட்டேன், வையவும் மாட்டேன். சட்டையில சிகரெட் வாடை வருது. என்னப்பா?"

"நான் இல்லம்மா. பக்கத்துல ஒருத்தன் குடிச்சான்."

"சரி, இருக்கட்டும். அவன் குடிக்கையில ஒனக்கும் குடுப்பானா?"

"...ரெண்டு தடவதாம்மா."

"குடிச்சப்ப எப்புடி இருந்துச்சு?"

"இருமலா வந்துச்சு. எல்லாரும் சிரிச்சாய்ங்க."

"அப்பறம் ஏம்ப்பா ரெண்டாவது தடவ?"

"வேணாம்னா, நீயெல்லாம் ஆம்பளையாடாங்குறாய்ங்க."

பார்த்தீர்களா? இந்தப் பிள்ளைக்குப் புகையின் மேல் ஆசை இல்லை. கூட்டத்தில் தனியாகிவிடுவோமோ என்ற பயம். இது தெரியாமல் அடித்திருந்தால் அந்தப் பயத்தின் மேல் இன்னொரு பயத்தை ஏற்றியிருப்போம். "ரெண்டு தடவை" என்று அவன் சொன்னால் நாலு என்று நாம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். பொய் என்று தெரிந்தாலும் அந்த நிமிஷம் விட்டுக்கொடுத்தால்தான் அடுத்த வார்த்தை வரும்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு மறுப்பதற்கு ஒரு வார்த்தை வேண்டும். பழியை அம்மா மேல் போடச் சொல்லுங்கள். "வேணாம்டா, எங்கம்மா தினம் வாய மோந்து பாக்குது" என்று சொல்லட்டும். நம்மைக் கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டுமே! அவனுக்குத் தப்பிக்க ஒரு வழி கிடைக்கிறது. "நாளைக்கு மேட்ச் இருக்கு", "ஓடப் போகணும்" என்பதும் நல்ல சாக்கு. வீட்டில் ஒரு தடவை சொல்லிப் பழகிக்கொண்டால் வெளியே வாய் வரும். அந்த நண்பர்களோடு சேராதே என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைச் சொன்னால் நண்பர்கள் பக்கம்தான் போவான். முடிந்தால் அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் சோறு போடுங்கள். யார் யார் என்று நமக்கும் தெரியும்.

பெண் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம்தான். அந்த வீட்டில் மூடி மறைப்பது இன்னும் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

அப்பா கையில் இருந்தால்?

இதுதான் கஷ்டமான இடம். அப்பா திண்ணையில் புகைத்துக்கொண்டு மகனைப் பிடிக்காதே என்றால் எடுபடுமா? அப்பாவை விடச் சொல்லி ஒரே நாளில் ஜெயிக்க முடியாது. ரெண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். ஒன்று, வீட்டுக்குள் பிடிக்கக் கூடாது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முகப்பு, வளவு என்று ஏகப்பட்ட இடம். நம்மில் பலருக்கு ஒரே அறை, அதில்தான் சமையல், அதில்தான் படிப்பு. அங்கே ஒருவர் விட்ட புகையை எல்லோரும் இழுக்கிறோம். இன்னொன்று, "தம்பி, ஓடிப்போயி ஒரு சிகரெட் வாங்கிட்டு வா" என்று பிள்ளையை அனுப்பக் கூடாது. பல பிள்ளைகளுக்கு முதல் சிகரெட் கையில் வருவதே இப்படித்தான். கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டோடு சிகரெட் வைக்கிற பழக்கம் முன்பு சாதாரணம். இப்போது குறைந்துவிட்டது. உங்கள் வீட்டு விசேஷத்தில் யாராவது வைக்கப் போனால் தட்டை உள்ளே எடுத்துவிடுங்கள்.

அப்பா தானும் விட நினைப்பவராக இருந்தால் அவரே மகனிடம், "எனக்கு விட முடியலடா, நீ மாட்டிக்காத" என்று சொல்லட்டும். அம்மா நூறு தடவை சொல்வதைவிட அது நன்றாக ஏறும்.

பழக்கமாகிவிட்ட பிள்ளைக்கு

தினமும் பிடிக்கிற பிள்ளை விடத் தொடங்கினால் முதல் மூன்று நாள் ரொம்பக் கடினம். எரிந்து விழுவான், தூங்க மாட்டான், பசி பசி என்பான். ரெண்டிலிருந்து நாலு வாரத்தில் அடங்கும். அந்த நாட்களில் அவன் கோபத்தைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏக்கம் வந்தால் சில நிமிஷத்தில் தணிந்துவிடும், அதுவரை தாக்குப்பிடிக்கத் தண்ணீர், கொய்யாக்காய், வறுத்த கடலை என்று கைக்கு எட்டும்படி வையுங்கள். சைக்கிளில் ஒரு சுற்றுப் போகச் சொல்லலாம். நடுவில் ஒன்று பிடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலோர் நாலைந்து தடவை விழுந்து எழுந்துதான் விட்டிருக்கிறார்கள்.

சிகரெட் பெட்டியிலேயே 1800-11-2356 என்று ஒரு எண் அச்சடித்திருக்கும். மத்திய அரசின் இலவச எண். விடுவதற்கு யோசனை சொல்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடமும் கேட்கலாம். நிகோடின் சூயிங்கம் போன்றவற்றைச் சின்னப் பிள்ளைக்குக் கடையில் நாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், டாக்டர் சொன்னால் மட்டும்.

"சிகரெட்ட விட்டுட்டேன்" என்று சொல்லும் பிள்ளை வேறொன்றுக்கு மாறியிருக்கிறானா என்றும் பாருங்கள். எலெக்ட்ரானிக் சிகரெட், பேனா மாதிரியும் பென்டிரைவ் மாதிரியும் இருக்கும். வாடை பழ வாசனை. 2019-ல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. உதட்டுக்குள் வைக்கிற "கூல் லிப்" பொட்டலத்தைப் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது பற்றி 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலைப்பட்டது. அதற்கு வாடையும் இல்லை, புகையும் இல்லை. ஈறு வெளுத்திருந்தால் கவனியுங்கள்.

நம் குழுக் கடனில் நடக்கும் கடை

இனி பேசப்போவது சிலருக்குச் சங்கடமாக இருக்கும். பையனுக்குச் சிகரெட் எங்கே கிடைக்கிறது? முழுப் பாக்கெட் வாங்க அவனிடம் காசு கிடையாது. பெட்டிக்கடையில், டீக்கடையில் ஒத்தையாக வாங்குகிறான். அந்தக் கடைகளில் பல நம் உறுப்பினர்கள் குழுவில் கடன் வாங்கி வைத்தவை. ஒரு தாயின் தவணை இன்னொரு தாயின் பிள்ளை கொடுக்கிற பத்து ரூபாயிலும் கட்டப்படுகிறது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2003-ம் வருஷப் புகையிலைச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக் கூடாது. பள்ளிக்கூடம், கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். சின்னத் தொகைதான். ஆனால் 2015-ம் வருஷ இளைஞர் நீதிச் சட்டத்தில், குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு 7 வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. "அப்பாவுக்குத்தான் கேக்குறான்" என்று கொடுத்தாலும் வாங்குகிற கை பிள்ளையின் கைதான். 18 வயதுக்குக் குறைந்த நம் பிள்ளையையே கடையில் உட்கார வைத்துச் சிகரெட் விற்கச் சொல்வதும் கூடாது.

கடைக்காரப் பெண்ணின் கஷ்டமும் நமக்குத் தெரியும். சிகரெட்டில் லாபம் கொஞ்சம்தான். ஆனால் அதற்காக வருகிறவர்தான் டீயும் வாழைப்பழமும் வாங்குகிறார். சிகரெட்டை நிறுத்தினால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால் ஒருத்தி மட்டும் நிறுத்தினால் நஷ்டம், தெருவில் எல்லோரும் சேர்ந்து பையன்களுக்கு இல்லை என்றால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. கூட்டமைப்பு எதற்கு இருக்கிறது, இதற்குத்தானே? 100 கெஜத்துக்குள் இருக்கிற கடை என்றால் பேச்சுக்கே இடமில்லை, நிறுத்தத்தான் வேண்டும். அந்த உறுப்பினருக்குச் சுண்டல், பருத்திப்பால், நோட்டுப் பேனா என்று வேறு சரக்குப் போட ஒரு சின்னக் கடன் கொடுப்பதைக் குழு யோசிக்கலாம். இனிமேல் பெட்டிக்கடைக்குக் கடன் கேட்டு மனு வந்தால், கடை எங்கே வரப்போகிறது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்பது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம்.

அடுத்த கூட்டத்துக்கு முன்

100 கெஜம் என்பது 300 அடி. சாதாரணமாக நடந்தால் சுமார் 150 எட்டு வரும். குழுவுக்கு ரெண்டு பேர் சேர்ந்து, உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து எல்லாப் பக்கமும் எண்ணிக்கொண்டே நடந்து பாருங்கள். அந்த எட்டுக்குள் எத்தனை கடை, அதில் எத்தனை நம் உறுப்பினர் கடை, "18 வயதுக்குக் கீழ் விற்பனை இல்லை" என்ற பலகை எத்தனையில் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் நம் உறுப்பினர்கள் அந்தத் தாளைத் தலைமை ஆசிரியரிடம் ஒரு பிரதி கொடுக்கட்டும், இன்னொரு பிரதி தீர்மான நோட்டில் ஒட்டப்பட்டுக் கூட்டமைப்புக்கு வரட்டும்.